படத்துக்கு முகம் வேண்டும்

பாரிஸ் மெத்ரோ ரயிலில் எனக்கு எதிரே, டை கட்டிய ஒரு நரைத்த மனிதர் கட்டம் கட்டமாகப் படம் போட்ட தடித்த புத்தகமொன்றை வாசித்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கண்டியில் என்றால் பஸ்ஸே சிரித்திருக்கும். இங்கே இதற்கு பாந்த் தெசினே என்று பெயர். என் மகள் மாலினி நூலகத்தில் அப்படியொன்றை, போர்க் கதையாம், என் கையில் திணித்தாள். அங்கிருந்த பெண்மணி, “பெரியவர்களுக்கானது, முசியே” என்றார். பெரியவர்களுக்குப் படப் புத்தகம் என்றால் வேறென்னவாக இருக்கும்? சட்டென்று திருப்பி வைத்துவிட்டேன்.

“ஐயோ அப்பா, அந்த மாதிரி இல்ல!” மாலினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊரில் சண்டைக் காலத்தில் நானும் என் கூட்டாளி கணேசனும் பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு, ஜவுளிக்கடை வேலைக்கு, ஒரே பஸ்ஸில் போவோம். தமிழ்ப் புத்தகம் கொண்டுபோனால் சிங்களப் பத்திரிகையால் உறை போடுவது எங்கள் வழக்கம். ஒருநாள் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் நாவலைப் புரட்டிய ஆமிக்காரன், எழுத்து விளங்காமல் திருப்பித் தந்தான். கணேசனிடம் இருந்தது படக்கதை. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கும் பக்கம் திறந்தது. யார் இவன் என்று ஆமிக்காரன் கேட்டான். சும்மா கதைதான், சேர் என்று கணேசன் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ போய்க் கடையத் தொறடா, நான் வந்துர்றேன்” என்றான்.

வரவேயில்லை. அவன் வீட்டுப் போட்டோக்கள் முன்பே கலவரத்தில் எரிந்துபோயிருந்தன. எழுத்தைத் தெரிந்தவன்தான் வாசிப்பான். படத்தை எவனும் தன் இஷ்டத்துக்கு வாசிப்பான். அன்றிலிருந்து படக்கதையை நான் தொட்டதில்லை.

மாலினிக்காகத்தான் நூலகத்தில் அந்தப் போர்க் கதையை மறுபடி எடுத்தேன். கைப்பழக்கத்தில் பிரெஞ்சுப் பத்திரிகையால் உறையும் போட்டு, மெத்ரோவில் விரித்தேன். ஓர் ஊரே எரிவதை விரல் நீளக் கட்டத்துக்குள் முடித்திருந்தார்கள். ஏமாற்று வேலை என்று பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. மேசையில் மூடிவைத்த சோறு, வாசலைப் பார்த்தபடி ஒரு பெண். நான் இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. இவ்வளவு லேசாக அழவைக்கும் ஒன்றை எப்படி நம்புவது?

வீட்டுக்கு வந்து மாலினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கணேசன் மாமா கதைய நான் வரையட்டாப்பா? முகம் எப்படின்னு சொல்லுங்க.”

“வேணாம். எழுதிக்க. எழுத்துக்கு முகம் வேணாம். அவர் தங்கச்சி இன்னும் அங்கதான் இருக்கா, யாராச்சும் பாத்தா அவளுக்குத்தான் தொல்லை.”

“அப்ப அவங்களையே கேளுங்க.”

தொலைபேசியில் கணேசனின் தங்கையிடம் கேட்டேன். “எனக்கே மொகம் மறந்துக்கிட்டு வருதுண்ணே. வரையச் சொல்லுங்க” என்றாள்.

சப்பை மூக்கு, புருவத்தில் ஒரு வெட்டு, சிரித்தால் மூடிக்கொள்ளும் கண் என்று நான் சொன்னேன். மாலினி அழித்து அழித்து வரைந்தாள். கடைசியில் கணேசன் வந்துவிட்டான். பஸ் ஜன்னலோரம், வெளியே கண்டி மலை, அதே இளவயது. பக்கத்தில் நான். அவளுக்குத் தெரிந்த அப்பாவைத்தான் போட்டிருந்தாள்: நரைத்த தலை, பாரிஸ் குளிர்கோட்டு, மடியில் உறை போட்ட புத்தகம்.

“உறையில எந்த எழுத்துப்பா போடட்டும்? சிங்களமா, பிரெஞ்சா?”

பென்சிலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.