சூடு ஆறும் வரை

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கு நாங்கள் போனதற்குக் காரணம் வலை. முந்தின நாள் காற்று கிளம்பிவிட்டதால் விரித்த வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரை சேர்ந்திருந்தோம். இன்னொரு நாள் கிடந்தால் விசைப்படகு ஏதாவது அதை அறுத்துக்கொண்டு போய்விடும் என்று மச்சானுக்குக் கவலை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். படகு அவருடையது. நான் மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளி. மழை பெய்து பாத்திகள் கரைந்துவிட்டால் எனக்கு வேலை இருக்காது; அந்த நாட்களில் அவரோடு படகில் போவேன்.

"வெளுக்குறதுக்குள்ள போனா மாதா கோயில் பூசைக்கு வந்துடலாம் மாப்ள," என்றார்.

படகின் பின்பக்கம் மாட்டியிருந்த சின்ன இன்ஜின், கோட்டக்குப்பத்தில் ஒரு பாயிடம் வாங்கியது. பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய்விட்டதால் அவர் கடல் தொழிலையே விட்டுவிட்டார். "நல்ல மெஷின்தாங்க. ரொம்ப நேரம் ஓடி நிறுத்தினா மட்டும் கொஞ்சம் அடம் புடிக்கும். பொறுமையா இழுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். பழைய இன்ஜினுக்கு இந்தக் குணம்கூட இல்லாமல் இருக்குமா என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

வலை இருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு பேருமாக இழுத்து ஏற்றினோம். மீன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வெயில் ஏறியிருந்தது, காற்று செத்துப்போயிருந்தது. மச்சான் பின்னால் போய் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். இன்ஜின் ஒரு தரம் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி மறுபடி இழுத்தார். பிறகு இருமலும் வரவில்லை.

ஒரு இழுப்பில் கயிற்றின் பிடி அவர் கையிலிருந்து நழுவி, சுருண்டு உள்ளே போய்விட்டது. அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை மரத்துப்போச்சு. வலை இழுத்தது."

"உக்காருங்க மச்சான், நான் பாக்குறேன்," என்றேன்.

அவர் வலைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் பழக்கம். அதில் பிளக் கிடையாது. பெட்ரோல் இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மொபெட் சொல்லிக்கொடுத்ததுதான். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைப் பார்த்தேன். காற்றுப் போவதற்கான திருகு திறந்துதான் இருந்தது. குழாய் நடுவில் இருக்கும் ரப்பர் பம்பை அமுக்கினேன், கெட்டியாக நின்றது. அப்படியென்றால் பெட்ரோல் போகிறது. சோக்கை இழுத்துப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன். பெட்ரோல் நாற்றம் அடித்ததே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை.

"பிளக் ஸ்பேனர எங்க வச்சீங்க?"

அவர் ஏதோ சொன்னார். புரியவில்லை.

"இன்னாது?"

திரும்பவும் சொன்னார். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். உதட்டின் ஒரு பக்கம் தொங்கி, எச்சில் தாடையில் இறங்கியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நான்தான் வேண்டுமென்றே புரியாத மாதிரி நடிக்கிறேன் என்பது போலக் கோபமாக முறைத்தார்.

எங்கள் உப்பளத்து மேஸ்திரி ஒருவருக்கு இதே போலப் பக்கவாதம் வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

பாலிதீன் பையிலிருந்து போனை எடுத்தேன். ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது. மனைவிக்கு அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. கோயிலில் இருப்பாள். அடுத்த தரம் போன் போகவே இல்லை. வடக்கே அனுமந்தை ஊர்ப் படகுகள் புள்ளியாகத் தெரிந்தன. சட்டையைக் கழற்றி வீசினேன், கத்தினேன். ஒரு புள்ளிகூடத் திரும்பவில்லை. கரை கண்ணுக்குத் தெரிகிறது, தென்னை தெரிகிறது. துடுப்பை எடுத்துத் தள்ளிப் பார்த்தேன். நீரோட்டம் எங்களைத் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது.

ஸ்பேனர் அவர் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில்தான் இருந்தது. பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, வாயால் ஊதி, இன்ஜின் இரும்பில் சாய்த்து வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். வெயிலில் பொறி தெரியாது என்று துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பார்த்தேன். பொறி இல்லை. கருவிப் பெட்டியில் இருந்த இன்னொரு பிளக்கை மாட்டினேன். அதிலும் இல்லை. நிறுத்துகிற சுவிட்சின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இழுத்தேன். இல்லை.

மிச்சம் இருந்தது பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில்தான். கையை வைத்தேன், சுட்டது. அப்போதுதான் பாய் சொன்னதற்கு அர்த்தம் புரிந்தது. சூடேறினால் இந்தக் காயில் செத்துப்போகிறது, ஆறினால் பிழைக்கிறது. கடலில் இதற்கு வைத்தியம் ஒன்றுதான். காத்திருக்க வேண்டும்.

கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ செய்கிறோம் என்றாவது இருந்திருக்கும். இன்ஜினின் மூடியைத் திறந்துபோட்டு, வெயில் படாமல் தார்ப்பாயை மறைத்துக் கட்டினேன். உப்புத்தண்ணீர் பட்டால் காயில் கெட்டுவிடும் என்று குடிக்கிற தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து காயிலைச் சுற்றி வைத்தேன். மீதித் தண்ணீரை மச்சானுக்குக் கொடுக்கப் போனேன். ஒரு வாய்க்கே புரையேறி முகம் சிவந்துவிட்டது. அதற்கு மேல் கொடுக்கப் பயந்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து அவர் தலையை என் தொடையில் வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல மச்சான். இப்ப போயிடலாம்."

அவர் இடது கையால் என் லுங்கியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். நான் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம், பாதியில் மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அதே இடத்தில் மறந்தது. நடுவில் எழுந்து காயிலைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. இழுக்கலாமா என்று கை போனது. அவசரப்பட்டு இழுத்து மறுபடி சூடாக்கிவிட்டால் என்ன செய்வது என்று கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

துணி முழுக்கக் காய்ந்த பிறகு இரும்பு வெறும் வெதுவெதுப்பாக இருந்தது. பிளக்கை மாட்டி இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

முறுக்கினால் நின்றுவிடுமோ என்று பயம், மெதுவாகப் போனால் அவர் நின்றுவிடுவாரோ என்று பயம். இரண்டுக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டு வந்தேன். கரையில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். என் கூச்சலைக் கேட்டு, வெளுத்த வேட்டியோடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார்கள். மச்சானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பட்டுப்புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, "ஏன் பேச மாட்டன்றாரு? ஏன் பேச மாட்டன்றாரு?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பாண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுங்க?" என்றார். மணி தெரியாது. "கயிறு இழுக்கும்போது கை நழுவுச்சுங்க," என்றேன். அவர் அதற்கு முன்னும் பின்னும் கேட்டு, விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு மூளையில் ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசி போடுகிற நேரம் தாண்டிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார்.

உயிர் இருக்கிறது. வலது கை விளங்கவில்லை, கால் இழுக்கிறது. பேச்சில் 'இல்ல' என்ற ஒரு சொல் மட்டும் தங்கியிருக்கிறது. சாப்பிட்டீங்களா என்றாலும் இல்ல, வலிக்குதா என்றாலும் இல்ல. ஆமாம் என்று சொல்ல நினைத்தாலும் அதுதான் வருகிறது. வந்துவிட்ட பிறகு அது தப்பு என்று அவருக்கே தெரிகிறது; தலையைச் சுவரில் இடித்துக்கொள்கிறார்.

புதுக் காயில் போட்டு இன்ஜினைச் சரிசெய்தேன். அது இப்போது வேறொருவர் படகில் ஓடுகிறது. இந்த வருஷம் பாத்தி கட்டத் தொடங்கியதும் அக்கா உப்பளத்து வேலைக்கு வந்துவிட்டார். பழக்கமில்லாத கால், உப்பு அறுத்து விரலிடுக்கெல்லாம் புண். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை நிழலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவில்லை.

"காலைல 'தண்ணி'ன்னாரு," என்றார்.

"நெசமாவா அக்கா?"

"அப்படித்தான் கேட்டுச்சு. மறுபடி சொல்லச் சொன்னேன். சொல்லல." விரலிடுக்கில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்தார். "அவரு சொன்னாரா, சொன்ன மாதிரி நானே நெனச்சிக்கினேனான்னு தெரியல."