ஆபீஸ் வேலைக்கு ஒரு பழைய மானிட்டர்

நாற்பத்தாறு வயதில் வீடியோ கேம் பெட்டி செய்கிறேன் என்று வெளியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. காசு போட்டு, நின்றுகொண்டே ஆடுவோமே, அந்த மாதிரி ஆளுயரப் பெட்டி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் வைத்து, இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, பிளைவுட்டை நானே அறுத்துச் செய்தேன். பொத்தான், ஸ்டிக் எல்லாம் மாட்டியாயிற்று. திரை மட்டும் இல்லை. பொங்கலுக்குள் திரை வராவிட்டால் உள்ளே தட்டு அடித்துச் செருப்பு வைக்கப்போவதாக மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள்.

இப்போது வரும் மானிட்டரெல்லாம் அகலம். பழைய ஆட்டத்தை அதில் போட்டால் ஆட்கள் நசுங்கித் தெரிகிறார்கள். எனக்கு வேண்டியது முதுகு துருத்திக்கொண்டிருக்கும் பதினேழு இஞ்ச் டியூப் மானிட்டர். பழைய சாமான் கடைகளில் கேட்டால், எல்லாவற்றையும் உடைத்துச் செம்பை உருவிவிட்டார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரவுசிங் சென்டரை மூடிவிட்ட ஒருவர் வீட்டு மாடியில் ஒன்று இருப்பதாக ஒரு கடைக்காரர் சொன்னார். உடனே பைக்கை எடுத்தேன்.

அந்த வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டைத் திறக்காமலே எதற்கு என்று கேட்டார். ஆபீஸ் வேலைக்கு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். எந்த ஆபீஸில் இன்னும் இதை வைத்திருக்கிறார்கள் என்றார். அதற்கும் ஏதோ உளறினேன்.

மாடியில் சாக்குப் போட்டு மூடியிருந்தது. எனக்கும் அவர்மேல் நம்பிக்கையில்லை. நல்ல சாமானை இத்தனை வருடம் விற்காமல் வைத்திருப்பானேன்? கையோடு கொண்டுபோன பழைய லேப்டாப்பில் மாட்டிப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. அப்போதும் சந்தேகம் தீராமல், கால்மணி நேரம் ஓடவிட்டு, காற்றுத் துவாரம் வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். கருகல் வாடை வருகிறதா என்று முகர்ந்தும் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு ஒரு விலை சொன்னார். மனசு மாறிவிடுவாரோ என்ற பயத்தில் பேரம் பேசாமல் தலையாட்டினேன். எங்கள் பக்கம் அப்படி யாரும் வாங்குவதில்லை.

அவர் முகம் மாறியது. மச்சினனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், நாளைக்கு வண்டியோடு வாருங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ராத்திரியோடு ராத்திரியாக ஓடாத மானிட்டர் எதையாவது மாற்றி வைத்துவிட்டால்? அவர் தண்ணீர் எடுக்கக் கீழே போனதும், அடையாளத்துக்குப் பின்மூடியில் பைக் சாவியால் சின்னதாக ஒரு கீறல் போட்டேன். நிமிர்ந்தால் மாடி வாசலில் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறார். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி பிடித்துப் போனேன். மானிட்டர் அதே இடத்தில் மூடி கழன்று கிடந்தது. பக்கத்தில் குறடும் ஸ்குரூ டிரைவரும் கிடந்தன. நான் கீறிய இடத்தில்தான் நெம்பியிருந்தார்கள். டியூபின் கழுத்து, கட்டைவிரல் பருமன் கண்ணாடி, முறிந்திருந்தது. அது முறிந்து உள்ளே காற்றுப் போய்விட்டால் அதோடு சரி, எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழைய டிவிக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, கோடிக்கணக்கில் விலை போகும் என்று போனில் ஒரு புரளி சுற்றியதல்லவா? வீட்டுக்காரரின் மச்சினன் அதைப் படித்தவராம். நான் உள்ளே டார்ச் அடித்ததையும் கீறல் போட்டதையும் கேட்டதும் அவருக்கு உறுதியாகிவிட்டதாம்; ராத்திரியே வந்து மூடியை நெம்பிவிட்டாராம்.

இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? விளையாடத்தான் கேட்டேன் என்று உண்மையைச் சொல்லி, போனில் பெட்டியின் படத்தைக் காட்டினேன். வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொத்தான்களையும் திரைக்கு விட்டிருந்த ஓட்டையையும் நிதானமாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல தம்பி," என்றார் தணிந்த குரலில். "நேத்து நான் தண்ணி எடுக்கப் போன நேரத்துல நீங்க எடுத்துட்டீங்களா, இல்ல எம் மச்சினன் எடுத்துட்டானா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."