ழகரம் பழகிய வருடம்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஏழு வருடமாகப் பிழை திருத்துகிறேன். அதே ஏழு வருடமாகக் கச்சேரியும் செய்கிறேன். மதுரையில் இசைக் கல்லூரிப் படிப்பு முடிந்த மாதமே வீட்டுக்கு ஒரு சம்பளம் தேவைப்பட்டது. அச்சகத்துக்கு ஆள் தேவைப்பட்டது. காலையில் சாதகம், பகலில் புரூஃப், லீவு நாளில் கல்யாண வரவேற்பு அல்லது கோயில் விழா என்று போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது வருடம் சென்னையில் ஒரு சபாவில் மார்கழிக் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். புதுப் பாடகர்களுக்கு ஒதுக்கும் பகல் ஒரு மணிக்கு. லீவு கேட்க முதலாளியிடம் போனேன்.

"டிசம்பர்லயாம்மா? அதுதான நமக்குச் சீசனு. காலண்டர்ல கடைப் பேரு அடிக்கிற ஆர்டர் அம்புட்டும் கெடக்கே."

"அங்கயும் அதான் சீசன், அண்ணாச்சி."

ஆர்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "சரி, போயிட்டு வாங்க. மூணாம் நாள் காலையில இங்கன இருக்கணும்."

அரங்கில் இருபது பேர் இருந்திருப்பார்கள். தெலுங்குக் கீர்த்தனைகள் நன்றாகவே அமைந்தன. கடைசியில் ஒரு தமிழ் விருத்தம் பாடினேன். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் மேடைக்கு அருகே வந்தார்.

"ரொம்ப நன்னாப் பாடினே. எந்த ஊரும்மா?"

"சிவகாசிப் பக்கம். ஏளாயிரம்பண்ணை."

"அதான். விருத்தத்துல ஒரு 'ழ'கூட வரலியேம்மா."

குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. ஆனாலும் ரயிலில் அந்தப் பதிவை ஃபோனில் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரிதான். கல்லூரியில் நான் பாடியது பெரும்பாலும் தெலுங்கும் சமஸ்கிருதமும். அவற்றில் அந்த எழுத்துக்கு வேலையே இல்லை. தாளில் ழகரம் மாறியிருந்தால் என் கண் உடனே பிடித்துவிடும். வாய் இத்தனை வருடமும் ஏமாற்றியிருக்கிறது. மதுரை வரும்வரை வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடக் காலண்டரின் தினத்தாள் புரூஃப் கோடையில் வந்தது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுத் தாளில் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். என்னோடு சரிபார்க்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இந்தத் தடவ பூராவும் நானே படிக்கேன். 'ழ' தப்புனா நிறுத்துங்க."

"எனக்கே அது வராதேடி."

"காது இருக்குல்லக்கா."

வருடத்தின் எல்லாத் தாளிலும் ஒரு கிழமை இருக்கிறது. சில தாள்களில் 'கீழ்நோக்கு நாள்' வேறு. அதில் ழகரமும் ளகரமும் அடுத்தடுத்த சொல்லில் நிற்கும். தப்பும்போதெல்லாம் அக்கா பென்சிலால் மேசையைத் தட்டுவார். முதல் நாள் ஜனவரியைத் தாண்டவில்லை. திருத்திய தாள் வாங்க வந்த அச்சு மிஷின்காரர், "எம்புட்டு நேரந்தான் ஒரு கிளமையிலயே நிப்பீக?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அச்சகம் போடும் நான்கு அளவுக் காலண்டர்களுக்கும் நானே படித்தேன். மூன்றாவது முடியும்போது பென்சில் சத்தம் குறைந்திருந்தது. பேச்சில் வந்ததே தவிர, பாட்டில் வரவில்லை. மேல் ஸ்தாயியில் நாக்கை மடித்தால் சுருதி இறங்கியது. கார்த்திகை வரை தினமும் ஒரே விருத்தத்தை வைத்துப் போராடினேன். ஒரு காலையில், நாக்கைப் பற்றி நினைக்காமலே அது நடந்துவிட்டது.

அந்த மார்கழியிலும் அதே சபா, அதே ஒரு மணி. அந்த அம்மாளுக்காகவே விருத்தத்தைத் திரும்ப எடுத்திருந்தேன், அவர் வரவில்லை. ஆனால் வயலின் வாசித்தவர் கச்சேரி முடிந்ததும், "வார்த்தை அவ்வளவு தெளிவா இருந்தது. தை மாசம் ஒரு தமிழிசைக் கச்சேரி இருக்கு, பாடறியாம்மா?" என்று கேட்டார். அங்கிருந்துதான் எனக்கு மேடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன.

ஊருக்கு வந்ததும் பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார், வேனுக்காகக் காத்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வேற யாரோ பாடுற மாதிரில்ல இருக்கு."

"நாந்தாம்மா."

அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். பாதியில் வேன் ஹாரன் அடித்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அச்சகத்தில் அரை நாள்தான் வேலை. இந்த வருட மார்கழியில் முதல்முறையாக இரண்டு மாலைக் கச்சேரிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.