பேரத்துக்கு விட்ட இடம்

என் அக்கா புருஷன் லாரி மெக்கானிக். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் சாலையில் மற்றவர்களுக்கெல்லாம் அவர் 'ஒரே விலை'. அது பாராட்டு இல்லை, கிண்டல். வரிசையாக ரிப்பேர் ஷெட்டுகள் இருக்கிற சாலையில் ஒரு மனுஷன் மட்டும் விலையைச் சொல்லிவிட்டு அதிலிருந்து இம்மியும் இறங்காமல் நின்றால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

லாரி ரிப்பேரில் விலை பேசுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் முதலில் வாய்க்கு வந்ததைச் சொல்வார். ஓனர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, லாரியையே எழுதிக் கேக்குறியா?" என்பார். அப்புறம் இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். விலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முதலிலேயே இருவர் மனதிலும் இருந்த இடத்தில் வந்து நிற்கும். ஓனருக்குக் குறைத்த திருப்தி, மெக்கானிக்குக் கூலி. நான் பக்கத்து ஷெட்டில் வெல்டிங் செய்கிறவன். நானும் பேரத்துக்கு இடம் விட்டு ஏற்றித்தான் சொல்வேன். இதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

மாமாவுக்கு இதெல்லாம் ஒத்துவராது. சாமான் இவ்வளவு, என் கூலி இவ்வளவு, கழற்றின பழைய சாமான் இதோ இருக்கு, எடுத்துட்டுப் போங்க. அவ்வளவுதான் பேச்சு. கணக்குப் பார்த்தால் சாலையிலேயே அவர் விலைதான் குறைவு. யாருக்கு வேண்டும் அது? குறைக்காதவன் திமிர் பிடித்தவன் என்றார்கள் ஓனர்கள். வண்டியைக் கொண்டுவந்து விடுகிற டிரைவருக்குக் கமிஷன் தராதவன் கஞ்சன் என்றார்கள் டிரைவர்கள். "கமிஷன் குடுத்தா அதையும் ஓனர் தலையிலதானே கட்டணும்?" என்று இவர் கேட்டார். நல்ல கேள்விதான். கேட்டவர் ஷெட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியும் விடாமல் வந்தவர்கள் சில பேர் உண்டு. ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு தாங்களே ஓட்டிப் பிழைக்கிறவர்கள். அவர்களில் மூத்தவர் செங்கல் லோடு அடிக்கிறவர். செங்கல்காரர் என்றுதான் சொல்வோம். அவர் விலையே கேட்க மாட்டார். சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டு, "முடிஞ்சதும் எழுப்பு தம்பி" என்று கேபினில் ஏறிப் படுத்துவிடுவார். முடிந்ததும் மாமா சொன்னதைக் கொடுத்துவிட்டுப் போவார். இன்னொரு ஷெட்டில் விலை விசாரித்ததே இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை வைத்துத்தான் மாமா உயிரோடு இருந்தார் என்றுகூட நான் சொல்வேன்.

வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போனது. ஷெட் ஓனர் ஒருநாள் வந்து, இந்த மாதமும் பணம் வராவிட்டால் இடத்தை டயர் கடைக்காரனுக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் ஏத்தித்தானே சொல்றாங்க? நீங்களும் ஏத்திச் சொல்லுங்க. அவங்க குறைச்சிட்டுப் போகட்டும். குறைச்சப்புறம் உங்க விலைதானே வரப்போகுது? இதுல யாரை ஏமாத்துறீங்க?"

அக்கா பேச்சில் ஓட்டை எதுவும் இல்லை. மாமா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

மறுநாள் ஒரு டேங்கர் ஓனர் வருவதாக இருந்தது. காலையிலிருந்து மாமா எனக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். கால் பங்கு ஏற்றி ஒரு தொகை, அதைச் சொல்கிறபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது உட்பட. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டேங்கர் வரவே இல்லை. கிளட்ச் போய் முனகிக்கொண்டு வந்து நின்றது செங்கல்காரர் லாரி.

பிளேட்டை மாற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே மாமா தொகையைச் சொன்னார். கால் பங்கு ஏற்றின தொகை. சொல்லிவிட்டு, குறைக்கச் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். குறைக்கவே தெரியாத ஆளிடம்! செங்கல்காரர் பையைத் துழாவினார். போதவில்லை. "இருப்பா, வந்துடறேன்" என்று சூளைக்குப் போய், முதலாளியிடம் முன்பணம் வாங்கிவந்து முழுசாகக் கொடுத்தார். மாமா முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறப்பதற்குள் லாரி சாலையில் ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் என் பைக்கில் ஏறிக்கொண்டார். சூளையில் செங்கல்காரர் லோடு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து அதிகமா வாங்கிட்டேன். இது உங்களோடது."

"ஏன், சாமான் விலை குறைஞ்சிருச்சா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நான் பின்னாலிருந்து மாமா முதுகில் குத்தினேன்.

"இல்லண்ணே. ஏத்திச் சொல்லிட்டேன். நீங்க குறைப்பீங்கன்னு..."

"நான் என்னிக்குப்பா குறைச்சிருக்கேன்?"

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு திரும்பி, கோபமே இல்லாமல் கேட்டார்: "அப்ப, இதுக்கு முன்னாடியெல்லாம்?"

"சத்தியமா இல்லண்ணே. இந்த ஒரு தடவைதான்."

"சரி, சரி. விடு தம்பி." பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

மாட்டிக்கொண்ட எவனும் அதைத்தானே சொல்வான். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது.

வாடகைக்கு வழியில்லாமல் ஷெட்டில் பாதியை டயர் கடைக்காரனுக்கு விட்டார். மிச்சப் பாதியில் லாரியை நிறுத்தினால் பின்பக்கம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

மழைக்காலம் முடிந்து செங்கல்காரர் மறுபடி வந்தார். பிரேக் வேலை. சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எவ்வளவு ஆகும்?" என்று முதலில் கேட்டார். மாமா சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏற்றாத விலை.

"கொஞ்சம் பாத்துச் சொல்லு தம்பி. எதிர் ஷெட்டுல கம்மியா கேக்குறான்."

எந்த டேங்கர் ஓனருக்கும் இறங்காத மனுஷன் மாமா. சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் கூலியில் பாதியைத் தள்ளிவிட்டு ஒரு தொகை சொன்னார். இந்த மனுஷனும் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

செங்கல்காரர் சிரித்தார். சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்துகொண்டவர் சிரிக்கிற சிரிப்பு. "பாத்தியா, குறையுதுல்ல?" என்று சாவியைக் கொடுத்தார்.

மாமா சாவியை வாங்கிக்கொண்டு லாரிக்கு அடியில் போனார்.