மூன்று மாதம்மாள், ஒரு பென்டிரைவ்

கம்ப்யூட்டரோ செல்போனோ, எது என்ன கேட்டாலும் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே ‘ஆமா’ என்று அழுத்திவிடுவார் கலைவாணன். பாப்பாரப்பட்டி உரக்கடையில் நின்று, கேட்கிற எல்லாருக்கும் ‘இருக்குதுங்க, இருக்குதுங்க’ என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கமோ என்னவோ. அப்படிப்பட்ட மனிதரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற பூவிழிக்குக் கோபம் வருகிறதென்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பூவிழி தபாலில் பி.காம். முடித்தவள். வீட்டில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்த நாளிலிருந்து ஊரே அவள் வாசலில்தான். ஹால் டிக்கெட் எடுக்கணும், சாதிச் சான்றுக்கு எழுதணும், ஆதாரைப் பெரிசாகப் பிரிண்ட் போடணும். வந்தவர்கள் காகிதத்தை வாங்கிக்கொண்டு சும்மா போகமாட்டார்கள். “அதுலயே இருக்கட்டும்மா, உன்கிட்ட இருந்தா பத்திரம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படி ஊராருடைய முகங்களும் சான்றிதழ்களும் சேர்ந்து சேர்ந்து அந்தக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. பட்டனை அழுத்திவிட்டுப் போய் உலை வைத்து அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு எதைத் திறந்தாலும் ரம்மி விளம்பரம்.

“எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டு விண்டோஸ புதுசா ஏத்திட்டா சரியாயிடும். வீடியோவுல பாத்துட்டேன்” என்றார் கலைவாணன்.

பூவிழி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவள் அம்மா மாதம்மாளின் போட்டோ அதில்தான் இருந்தது. அம்மா போன தையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிற அம்மாவை, அவரைக்கொட்டை உரித்தபடி எதற்கோ சிரித்த நேரத்தில் பூவிழி எடுத்தது. அந்த ஒன்றைத் தவிர வேறு படம் கிடையாது. எடுத்த போனும் கிணற்றில் விழுந்து போனது. அம்மாவுக்கு முதல் வருஷ சாமி கும்பிடுவதற்குள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும்.

“ஏங்க, மொதல்ல எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திக்கங்க. அம்மா போட்டோ முக்கியம். மாதம்மாள்னு போட்டிருப்பேன்.”

“ஏத்திக்கறேன், ஏத்திக்கறேன்.”

இங்கேதான் ஒரு சங்கதி. எங்கள் பக்கத்தில் மாதம்மாள் இல்லாத தெரு கிடையாது. மாது, மாதன், மாதேஷ் என்று ஆண்களும் அப்படியே. பூவிழியின் கம்ப்யூட்டரில் மட்டும் மூன்று மாதம்மாள். டெஸ்க்டாப்பில் இருந்தது அம்மா. டவுன்லோடில் இருந்தது பால் சொசைட்டி மாதம்மாள். டி டிரைவில் இருந்தது, பக்கத்துக் குடியிருப்பான புளியமரத்துக் கொட்டாய் மாதம்மாள். மூன்று ஃபோல்டருக்கும் ஒரே பெயர், உள்ளே இருந்த படத்துக்கும் ‘போட்டோ’ என்று ஒரே பெயர். எந்த மாதம்மாள் எங்கே என்பது பூவிழிக்கு மனப்பாடம். அவளைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

கலைவாணன் ஒவ்வொன்றாக பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டார். ‘இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமா. மறுபடி கேட்டது. ஆமா. பிறகு வீடியோவில் சொன்னபடி டிஸ்கில் இருந்ததை முழுக்கத் துடைத்துப் புது விண்டோஸை ஏற்றினார். சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டர் பளிச்சென்று எழுந்து நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

பூவிழி பென்டிரைவைச் சொருகி மாதம்மாளைத் திறந்தாள். புளியமரத்துக் கொட்டாய் மாதம்மாள் நீலத் திரைக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா எங்கங்க?”

“அதான் மாதம்மாள்னு இருக்குதே?”

“இது எங்கம்மாவாங்க?”

அவர் எட்டிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. “நீ வழக்கம்போல ஒண்ணையே மூணு எடத்துல வெச்சிருக்கறன்னு நெனச்சேன்.”

“அது கேட்டுச்சில்ல? வாய் வலிக்க ரெண்டு தடவ கேட்டுச்சில்ல? படிச்சா என்னங்க? கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?”

தருமபுரிக் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் டிஸ்கை வாங்கி ஏதேதோ செய்து பார்த்துவிட்டு, அதுமேலயே புதுசு ஏறிடுச்சுங்க என்று கையை விரித்தார். தம்பி இளம்பரிதிக்கு ஒரு தடவை அந்தப் படத்தை அனுப்பிய ஞாபகம் வந்து போன் போட்டாள். “மெமரி ஃபுல்லுனு அழிச்சிட்டேன்க்கா. அதான் உன் கம்ப்யூட்டர்ல இருக்குதேன்னு...” என்று இழுத்தான். பாதியிலேயே போனை வைத்துவிட்டாள். கணவர் மேலும் தம்பி மேலும் ஆத்திரமாக வந்தது. ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘அம்மா’ என்று மூன்று எழுத்து சேர்த்துப் போடத் துப்பில்லாத தன் மேல்தான் அதைவிட ஆத்திரம். அடுப்படியில் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது. புளியமரத்துக் கொட்டாய் மாதம்மாளேதான்.

“வூட்ல இருக்கறியா கண்ணு? பேங்க்ல ரெண்டு போட்டோ கேக்கறாங்க. உங்கிட்ட என் படம் இருக்குதில்ல?”

“உங்க படம் மட்டுந்தான் இருக்குது!”

பூவிழி கத்திய கத்தலில் பின்கட்டில் கலைவாணன் தட்டைக் கீழே போட்டார். மாதம்மாளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பூவிழி பல்லைக் கடித்துக்கொண்டு படத்தைத் திறந்து பிரிண்ட் போட்டாள். அந்த விறைத்த முகம் வரிசை வரிசையாக வெளியே வந்தது.

மாதம்மாள் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். “நல்லாத்தான் வந்திருக்குது. அழிச்சிடாத கண்ணு. என்னைய எடுத்த படம் இது ஒண்ணுதான். எம் மவகிட்டகூட இல்ல.”

படங்களை வெட்டக் கத்தரியோடு நின்ற பூவிழி கத்தரியைக் கீழே வைத்தாள். போனை எடுத்தாள்.

“உங்க பொண்ணு நம்பரச் சொல்லுங்க பெரிம்மா.”

“அவ ஓசூர்ல கம்பெனிக்குப் போயிருப்பா. இப்ப எதுக்கு அவ நம்பரு?”

“சொல்லுங்கன்னா சொல்லுங்க!”

மிரண்டுபோன மாதம்மாள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து நீட்டினாள். பூவிழி படத்தைத் தன் போனில் ஏற்றி, பட்டன் போனில் இருந்த மகள் நம்பருக்கு அனுப்பினாள். கீழே, ‘உங்க அம்மா. அழிச்சிடாதீங்க’ என்று எழுதி, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, அதையும் அனுப்பினாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று படத்தை இன்னொரு முறையும் அனுப்பினாள்.