எருமைக்கும் வரும் ஏப்பம்

எனக்கு நெஞ்சு வலித்த அன்று வீட்டில் எல்லோரும் ஓர் ஏப்பத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஓடிப்போய் இஞ்சி சோடா வாங்கி வந்தார். குடித்தேன், ஏப்பம் வந்தது. "பாத்தியா, வெறும் கேஸ்தான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பொழுது சாய்வதற்குள் ஆம்புலன்ஸில் கிடந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பினார்கள். தழும்பின் நுனி இன்றும் ரவிக்கைக்கு மேலே எட்டிப் பார்க்கும்.

பிழைத்து வந்தபின் எனக்கு ஒரே குடைச்சல். செஞ்சியில் இன்னும் எத்தனை பேர் மாரடைப்புக்குச் சோடா குடிக்கிறார்கள்? தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. இதயப் பரிசோதனை முகாம்களுக்கு ஆள் சேர்க்கப் போனேன். அங்கே வந்ததெல்லாம் ஏற்கெனவே பயந்தவர்கள். பயப்படாதவர்கள் சோடாக்கடைக்குத்தான் வருவார்கள் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நெஞ்சைத் தடவிக்கொண்டு யார் வந்தாலும் கேட்பேன்.

"கை இழுக்குதா? தாடை வலிக்குதா? வேர்க்குதா?"

அவலூர்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், "நீ இன்னா டாக்டரா?" என்று முறைத்தார்.

"இல்ல, செத்துப் பொழச்சவ."

அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

என்னால் அதிகம் எரிச்சல்பட்டவர் கடைக்காரர்தான். என்னைவிட இளையவர். "யக்கா, யாவாரத்தக் கெடுக்கிறியே. ஏப்பம் வந்தா சரியாப் போவுது. இதுல இன்னா ஆராய்ச்சி?"

"சோடா குடிச்சா எருமைக்கும் ஏப்பம் வரும், தம்பி" என்றேன். பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. நான் உட்காரும் இடத்தில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, காலடியில் காலி சோடா பாட்டில்கள். வெயில்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊர்பேர் தெரியாதவர்களிடம் சுலபமாகக் கேட்ட கேள்வி அன்று வாயில் வரவில்லை. என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது.

அவரே இடது கையைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "ஊரையே கேக்கிற. என்ன மட்டும் கேக்க மாட்டியாக்கா?"

கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஓடிப்போய் ஓர் ஆட்டோவை மறித்தேன். கைத்தாங்கலாக ஏற்றும்போது முணுமுணுத்தார்:

"ஏப்பம் வந்துச்சுக்கா. எரும கணக்கா வந்துச்சு. வலிதான் போவல."

ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தக் கையை நான் விடவில்லை. இப்போது பாட்டிலைத் திறக்கும் முன்பு அவரே எல்லோரையும் கேட்டுவிடுகிறார். பெஞ்சில் எனக்கு வேலையே இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.