ஆயுத பூஜையன்று முடுக்கிய கார்

அப்பாசாமிக்கு இடது காது கேட்காது. ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்த இரண்டாம் மாதம், பாலத்துக் காவலில் நின்ற சிப்பாய்க்கு அவர் காரிலிருந்து இறங்கி வணங்கினார். இடுப்பு வளைந்தது போதவில்லை. சிப்பாய் கன்னத்தில் விட்ட அறையில் செவிப்பறை கிழிந்து மூன்று நாள் சீழும் இரத்தமும் வடிந்தன. மனைவி கமலவேணி ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. பஞ்சால் துடைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் இனிமே கேக்காது. அந்தப் பக்கத்தையாச்சும் காப்பாத்திக்குங்க" என்றாள். அதன் பிறகு அவர் இன்ஜினைப் பாதி காதாலும், மீதியைக் கியர்த் தண்டின் மேல் வைத்த உள்ளங்கையாலும் கேட்டு ஓட்டினார்.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் தோட்டத்து லாரியில் கிளீனராக ஏறி, இருபதில் லைசன்ஸ் எடுத்து, முப்பத்தாறாம் ஆண்டில் ஒரு துரையின் பழைய காரை வாங்கினார். பண்டார் ஹிலிரில் வாடகைக்கு நிறுத்துவார். கம்போங் செட்டியில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை ஏறுவது அந்தக் காரில்தான். வீடு காஜா பேராங்கில், தகரக் கூரை போட்ட பலகை வீடு. காருக்கென்று பக்கத்திலேயே ஒரு கொட்டகை.

ஜப்பான்காரன் நல்ல கார்களையெல்லாம் முதல் வாரத்திலேயே ஓட்டிக்கொண்டு போனான். இது பழசு என்று விட்டுவைத்தான். பெட்ரோல் தீர்ந்ததும் அப்பாசாமி காரின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்தினார். தேங்காய்ச் சிரட்டைக் கரியை அதில் மூட்டினால் வாயு கிளம்பும். அதில் கார் ஓடும். இன்ஜினை முடுக்க மட்டும் ஒரு மூடி பெட்ரோல் வேண்டும். மேட்டில் ஏறும்போது நடந்து போகிறவன் காரை முந்திவிடுவான். ஆனாலும் ஓடியது. ஓடியதால் போக்குவரத்து ஆபீஸில் அவருக்கு ஒரு கைப்பட்டை கொடுத்தார்கள். கூப்பிட்டால் கால் மணியில் கார் வாசலில் நிற்க வேண்டும் என்பது கட்டளை.

அந்தக் கைப்பட்டைதான் அவர் உயிர். வெள்ளிக்கிழமை தோறும் சயாமில் ரயில் பாதை போட ஒரு லாரி நிறைய ஆள் ஏற்றினார்கள். லாரிக்கு இருபது பேர். போனவர்களில் திரும்பியவன் எவனும் இல்லை. பெயர்ப் பட்டியல் எழுதியவர் கருணாகரன், ஆள் சேர்க்கும் ஆபீஸின் குமாஸ்தா. கிராணி என்பார்கள். தமிழர்தான். ஜப்பான் பாஷையை ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டவர். கைப்பட்டை உள்ளவன் பெயரை அவரால் எழுத முடியாது. கார் நின்றால் பட்டை போகும், பட்டை போனால் லாரி. இது காஜா பேராங்கில் எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஆயுத பூஜைக்குக் காரை நிறுத்தினார். கார் வாங்கியதிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. முதல் நாள் மாலையே அடுப்பைக் கொட்டிச் சாம்பல் சுரண்டி, காரைக் கழுவி, முடுக்கும் கைப்பிடியையும் ஸ்பானர்களையும் வாழை இலையில் வைத்து எண்ணெயும் சந்தனமும் பூசினார். மறுநாள் முழுக்க எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது.

"கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கமலவேணி கேட்டாள்.

"ஒரு நாள் கூப்பிட மாட்டான்."

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டான். கருணாகரன் முன்னால் வந்தார், பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். ஆலோர் காஜாவில் அவனை உடனே இறக்க வேண்டும்.

"இன்னிக்கு ஆயுத பூஜ, கிராணி. அடுப்பு ஆறிக் கெடக்கு. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"நான் சொல்றதுக்கு அவன் என்ன என் மாமனா? எடுங்கண்ணே காரை" என்றார் கருணாகரன்.

சிப்பாய்க்கு மொழி தேவைப்படவில்லை. துப்பாக்கிக் கட்டையால் அவர் விலாவில் ஒரு இடி, குனிந்தபோது முதுகில் ஒன்று. வாழை இலையைக் காலால் எத்தினான். குங்குமம் சிதறி ஸ்பானர்கள் மண்ணில் உருண்டன. அப்பாசாமி எழுந்து அடுப்பை மூட்டினார். கரி கனிந்து வாயு வரும் வரை சிப்பாய் சும்மா நிற்கவில்லை. பூட்ஸ் காலால் முழங்காலில் உதைத்துக்கொண்டே இருந்தான்.

ஸ்டீயரிங்கின் நடுவில் ஒரு சின்னத் தண்டு உண்டு. கரி வாயுவில் ஓட்டும்போது அதை மேலே தள்ளியிருப்பார். பொறி முந்திப் பறக்கும். பெட்ரோலில் முடுக்கும்போது கீழே இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். ஏழு வருஷமாக மறக்காத அந்தத் தண்டை உதை விழுந்த அவசரத்தில் மறந்தார். கைப்பிடியில் சந்தனமும் எண்ணெயும் வழுக்கின. வழுக்குகிறதே என்று கட்டை விரலையும் சுற்றிப் போட்டு இறுக்கிப் பிடித்து ஓங்கிச் சுற்றினார்.

இன்ஜின் திருப்பி உதைத்தது. மணிக்கட்டு முறிந்த சத்தம் செவிட்டுக் காதுக்கும் கேட்டதுபோல் இருந்தது. கை புறங்கைப் பக்கமாக மடங்கித் தொங்கியது. அவர் மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

கருணாகரன் குனிந்து அந்தக் கையை நிதானமாகப் பார்த்தார். "இந்த வாரம் எனக்குப் பத்தொம்பது பேர்தாண்ணே" என்றார். "ஓட்ட முடியலன்னா சொல்லிடுங்க. மண் சுமக்க ஒரு கை போதும்."

கமலவேணி உள்ளேயிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முறிந்த கையைப் பிடித்து இழுத்து நேராக்கினாள். அவர் துண்டைக் கடித்துக்கொண்டார். மண்ணில் கிடந்த ஸ்பானர் இரண்டை எடுத்து மேலும் கீழும் வைத்து, பழைய டியூப் ரப்பரைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள்.

"அந்தத் தண்ட எறக்கு" என்றார் அப்பாசாமி, பல்லைக் கடித்தபடி. "கட்ட விரல சுத்தாத. கீழேருந்து மேல இழு."

இரண்டாம் இழுப்பில் இன்ஜின் பிடித்தது. அவள் கைப்பிடியைக் காருக்குள் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"இவங்க எதுக்கு?" என்றார் கருணாகரன்.

"வண்டிக்குப் பின்னால என்ன இருக்கு? அடுப்பு. அடுப்பப் பார்க்க நான் வராம நீங்களா பார்ப்பீங்க?"

கருணாகரன் அதை ஜப்பான் பாஷையில் சொன்னார். சிப்பாய் சிரித்தான். இருவரும் பின் சீட்டில் ஏறினார்கள்.

பதினைந்து மைல். அப்பாசாமி இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அவர் கிளட்சை மிதித்து "ரெண்டு", "மூணு" என்று முணுமுணுக்க, கமலவேணி கியரைத் தள்ளினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பானர் எலும்பில் மோதியது. வளைவுகளில் ஒரு கை போதாமல் கட்டுப் போட்ட முன்கையையும் ஸ்டீயரிங் கம்பிக்குள் நுழைத்துத் திருப்பினார். சட்டை தொப்பலாக நனைந்தது. கார் எங்கும் நிற்கவில்லை. ஆலோர் காஜாவில் சிப்பாய் இறங்கி, கைப்பட்டையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான்.

கருணாகரன் அங்கே ஆபீஸ் வேலையை முடித்து, மாலையில் திரும்பும்போது பின்னால் அவர் மட்டும் இருந்தார். சிப்பாய் போனதும் பேச்சு வளர்ந்தது.

"இன்னிக்கு ஓட்டிட்டீங்க, சரி. நாளைக்கு? நாளக்கழிச்சு? பொண்டாட்டி கியரு போடுதுன்னு ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க. வெள்ளிக்கிழம பேர எழுதிடறேன். கோச்சுக்காதீங்கண்ணே. இருபது ஆகலன்னா என்னைய ஏத்திடுவான்."

பாதி வழியில் கார் இளைக்கத் தொடங்கியது. ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நின்றே போனது.

"கரி தீர்ந்துருச்சா?" என்றார் கருணாகரன். இருட்டினால் ஊரடங்கு, அதற்குள் பாலத்துக் காவலைத் தாண்டாவிட்டால் அவருக்கும் அடிதான். இறங்கிப் பின்னால் போனார். "மூட்டயில கரி இருக்குல்ல? நானே போடறேன். உங்க கைய நம்பி விடிய விடிய நிக்க முடியாது."

ஓடிய சூட்டில் அடுப்பின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே தேங்கிய வாயு காற்றைக் கண்டதும் பற்றிக்கொள்ளும். கால் மணி பொறுத்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, நீளக் கம்பியால் நெம்ப வேண்டும். அப்பாசாமிக்கு அது தெரியும். தினமும் திறந்த கமலவேணிக்கும் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். கணவர் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கருணாகரன் துண்டைக் கையில் சுற்றி, மூடியைத் திருகித் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

பட்டென்று ஓர் அடி. நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்து அடங்கியது. கருணாகரன் தரையில் புரண்டார். புருவம் இல்லை, இமை மயிர் இல்லை. முகத்தைப் பொத்திய துண்டோடு கன்னத்துத் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஊளையிட்டார்.

கமலவேணி ஓடைத் தண்ணீரைத் தகரக் குவளையில் மொண்டு வந்து அவர் முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "தேய்க்காதீங்க. கையக் கீழ வைங்க" என்றாள். அப்பாசாமி ஒரு நிமிடம் அப்படியே நின்றார். விட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு கையால் கரியைப் போட்டார். கமலவேணி முடுக்கினாள்.

"ஓட்டுங்கண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க" என்று பின் சீட்டிலிருந்து கருணாகரன் வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

அப்பாசாமியின் மணிக்கட்டு ஏழு வாரத்தில் கோணலாகக் கூடியது. அதுவரை முன் சீட்டில் அடுப்புக்காரியாகக் கமலவேணி போனாள். எந்தச் சிப்பாயும் கேள்வி கேட்கவில்லை. வெள்ளைக்காரன் திரும்பிய பிறகும் அந்தக் கோணல் கையோடு அவர் பதினெட்டு வருஷம் டாக்சி ஓட்டினார்.

அடுப்பு வெடித்த அந்த வார வெள்ளிக்கிழமை காலை கமலவேணி மரவள்ளிக் கிழங்கை மசித்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

"லாரி போயிடுச்சா?"

"விடிஞ்சதும் போயிடுச்சு. புதுக் கிராணி வந்திருக்கான். ஒரு ஆள் கொறையுதுன்னு மார்க்கெட்ல கீரை வித்துட்டு நின்ன ஒருத்தனத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"யாரு?"

"தெரியல. கீரக்கட்டு மட்டும் ரோட்ல கெடந்தது."

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். "கருணாகரன்?"

"என் வார்டுதான். ரெண்டு கண்ணும் போச்சு. நேத்து மருந்து போடறப்ப கேட்டாரு. 'தெரிஞ்சுதானே சும்மா இருந்தீங்க'ன்னு."

அப்பாசாமி மெல்லுவதை நிறுத்தினார். "நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். தலைய ஆட்டாதீங்க, மருந்து வழியுதுன்னேன்."

"அவன் ஜப்பான்காரன்கிட்ட சொல்லிட்டா?"

"சொல்லிட்டாரு. பட்டியல் எழுத முடியாத கிராணி பேச்ச எவன் கேட்டான்? கட்டில காலி பண்ணச் சொல்லிட்டுப் போயிட்டான். நான்தான் வராண்டாவுல பாய் போட்டுப் படுக்க வச்சிருக்கேன்." அடுத்த உருண்டையை எடுத்தாள். "வாயத் தொறங்க. அவருக்குக் கட்டு மாத்தணும், நேரமாச்சு."